பனாமாவில் முதுமை: இரண்டு ஓய்வூதியங்கள்

பனாமா என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது கால்வாய்தான். பள்ளிப் புவியியல் புத்தகத்தில் இரு அமெரிக்கக் கண்டங்களையும் ஒட்டவைத்திருக்கும் மெல்லிய நிலத்துண்டு, அதன் குறுக்கே கீறிய ஒரு கோடு. 2016-க்குப் பிறகு 'பனாமா ஆவணங்கள்' என்ற பெயரும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஆனால் பணி ஓய்வை நெருங்கும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரில் பலருக்கு அப்பெயர் வேறொன்றை நினைவூட்டுகிறது. மாதம் ஆயிரம் டாலர் ஓய்வூதியம் வருமென்று காட்டினால் ஆயுள் முழுதும் தங்கியிருக்க உரிமை தரும் நாடு அது. ஸ்பானிய மொழியில் ஓய்வூதியரைப் 'பென்சியொனாதோ' என்பார்கள். அந்த விசாவுக்கும் அதுவே பெயர்.

அந்த விசாவுக்கு வழிகாட்டுவது நம் நோக்கமன்று. அதற்குரிய கையேடுகள் ஏராளம். மத்திய அமெரிக்க வரலாற்றை வாசித்துவருகையில் அச்சொல்லின் பின்னால் வேறொரு முதியவர் கூட்டம் நிற்பது தெரிந்தது. அவர்களும் பிற நாட்டிலிருந்து வந்தவர்கள், பனாமாவிலேயே மூப்படைந்தவர்கள், ஒரு வகையில் அமெரிக்க அரசின் பணத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. அவர்களைப் பற்றிப் பேசவே இக்கட்டுரை.

முதலில் இன்றைய அழைப்பைப் பார்த்துவிடுவோம். 1987-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பனாமாவில் 6-ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. ஐம்பத்தைந்து வயது நிரம்பிய பெண்களுக்கும் அறுபது வயது நிரம்பிய ஆண்களுக்கும் உணவகங்களிலும் விமானக் கட்டணத்திலும் நூற்றுக்கு 25, திரையரங்கு முதலிய கேளிக்கைகளில் நூற்றுக்கு 50 என்று தள்ளுபடி தர அது பணித்தது. பேருந்து, மருத்துவம், மருந்து, மின்கட்டணம் ஆகியவற்றிலும் சலுகை உண்டு. இவையெல்லாம் வெளிநாட்டாரைக் கவர்வதற்கென்றே செய்யப்பட்டவை என்று சிலர் எழுதுகிறார்கள், அது பிழை. உள்நாட்டு முதியோருக்கான சட்டம் அது. நாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டாரும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம், அவ்வளவே. வெளிநாட்டு ஓய்வூதியரை நேரே அழைத்த இன்னொரு சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இன்றைய விதிப்படி மாதம் 1,000 டாலர் ஓய்வூதியமும், உடன்வரும் சார்ந்தோர் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 250 டாலரும் இருக்க வேண்டும். 10,000 டாலர் வரையிலான வீட்டுப் பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். நாட்டுக்கு வெளியே ஈட்டும் வருவாய்க்கு வரி கிடையாது.

இம்முறையில் பனாமா முன்னோடியும் அன்று. அண்டை நாடான கோஸ்டா ரிகா 1971-லேயே ஓய்வூதியருக்கான குடியிருப்புச் சட்டத்தை இயற்றி வரிச் சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. 1992-இல் அச்சலுகைகளைப் பறித்தது. 2021-இல் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. விருந்துக்கு அழைத்தவர் பந்தியின் நடுவில் இலையை எடுத்த கதைதான்.

1987 ஜூன் எத்தகைய மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். நாட்டை உண்மையில் ஆண்டவர் ஜெனரல் மானுவேல் நொரியேகா. அவருக்கு அடுத்த நிலையிலிருந்து ஓய்வளித்து அனுப்பப்பட்ட கர்னல் ரொபெர்தோ டியாஸ் எர்ரேரா, தேர்தல் மோசடி முதல் கொலை வரை அவர்மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது அம்மாதத் தொடக்கத்தில். மக்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்தும் பாத்திரங்களைத் தட்டியும் தெருவுக்கு வந்தார்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் பிற நாட்டு முதியோரை வந்து அமைதியாக வாழுங்கள் என்று சட்டம் அழைத்தது. தீப்பற்றிய வீட்டின் வாசலில் 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை மாட்டியதை ஒத்தது இது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கப் பொருளாதாரத் தடையால் டாலர் வரத்து நின்று வங்கிகள் மூடப்பட்டன. 1904 முதல் அமெரிக்க டாலரே பனாமாவின் புழக்கப் பணம். பல்போவா என்ற சொந்த நாணயம் பெயரளவில் இருந்தாலும் அதற்குத் தாள் பணம் கிடையாது. ஆகவே வாஷிங்டன் முடிச்சை இறுக்கியதும் சம்பளம் கொடுக்கக்கூடப் பணமில்லாமற் போயிற்று. 1989 டிசம்பர் 20 அன்று அமெரிக்கப் படை நுழைந்தது. அதன்பின் நிலைமை சீர்பட்டு, 1999 டிசம்பர் 31-இல் கால்வாய் முழுமையாகப் பனாமாவின் கைக்கு வந்த பின்னரே விருந்தினர் பெருமளவில் வரத் தொடங்கினர்.

வந்தவர்கள் அந்நாட்டில் விரும்பும் வசதிகளைப் பட்டியலிட்டால் ஒன்று விளங்கும். பணத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலம் ஓரளவு செல்லும். தலைநகரில் தேர்ந்த மருத்துவமனைகள் உண்டு. மஞ்சள் காய்ச்சல் அச்சம் இல்லை. இவற்றில் எதுவும் 1987-இல் முளைத்ததன்று. எல்லாம் கால்வாய் வெட்டிய காலத்து வைப்புநிதி. வீட்டை மெழுகிவைத்தவர்கள் வேறு, அதில் வந்து அமர்ந்தவர்கள் வேறு.

1903 நவம்பரில் அமெரிக்க ஆதரவோடு பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கர் கால்வாய் வேலையைக் கையேற்றனர். இரு கடல்களுக்கிடையே பத்து மைல் அகலத்தில் 'கால்வாய் மண்டலம்' என்ற தனி ஆட்சிப்பகுதி உருவாயிற்று. கூலிக்கு ஆள் திரட்டும் முகவர்கள் கரீபியத் தீவுகளுக்குப் போனார்கள். பார்படாஸ் என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து மட்டும் ஒப்பந்த முறையில் சுமார் 20,000 பேர் வந்தனர். ஒப்பந்தமின்றித் தாமே கப்பலேறியவர் இன்னும் பலர். ஜமைக்காவிலிருந்தும் மார்த்தினீக், குவாதலூப் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். அவர்களுக்குக் கூலி மணிக்குப் பத்து சென்ட். நாளைக்குப் பத்து மணி நேரம், வாரம் ஆறு நாள்.

சம்பளப் பட்டியல்கள் இரண்டு. அமெரிக்க வெள்ளையருக்குப் பொன் நாணயத்தில் ஊதியம். அது 'தங்கப் பட்டியல்'. கரீபியக் கறுப்பருக்கும் பிறருக்கும் வெள்ளி நாணயத்தில். அது 'வெள்ளிப் பட்டியல்'. நாளடைவில் அச்சொற்கள் நாணயத்தை விட்டுத் தோலில் ஒட்டிக்கொண்டன. அஞ்சலகத்தில் தங்கத்துக்கு ஒரு சாளரம், வெள்ளிக்கு ஒரு சாளரம். கடை, பள்ளி, குடிதண்ணீர்க் குழாய், மருத்துவமனைக் கூடம் எல்லாம் அவ்வாறே. 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று எங்கும் எழுதாமலே முழுநிறைவான ஒரு தீண்டாமையை நடத்திக்காட்டியது அந்நிர்வாகம். இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவையில்லை. அமெரிக்கர் காலத்துக் கட்டுமானத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர் அலுவல் கணக்குப்படி 5,609 பேர். அவர்களில் ஏறத்தாழ 4,500 பேர் கரீபியக் கறுப்பர்.

கால்வாய் 1914 ஆகஸ்ட் 15-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1912 டிசம்பரில், மண்டலத்து நிலம் முழுவதையும் அரசே எடுத்துக்கொள்ள ஆணை பிறந்தது. அங்கிருந்த ஊர்கள் வெறுமையாக்கப்பட்டன. பனாமாவைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் மாரிக்ஸா லாஸோ 2019-இல் வெளியிட்ட நூல் இந்த ஊரழிப்பைத்தான் விரிவாகச் சொல்கிறது. அதன்பின் மண்டலத்தில் தனியாருக்குச் சொந்த நிலம் இல்லை. வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தங்கப் பட்டியலுக்கும் இதே விதிதான்.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். அறுபத்தைந்து ஆண்டுகள் நிலைபெற்றிருந்த அந்தச் சமுதாயத்தில் பிறப்பு உண்டு, பள்ளி உண்டு, திருமணம் உண்டு. பணி ஓய்வு பெற்றவருக்கு மட்டும் இடமில்லை. தெருவில் முதியவரைக் காண்பது அரிதான ஊர்கள். முப்பது ஆண்டு உழைத்த அமெரிக்கர் ஓய்வூதிய ஆணையைப் பெற்றுக்கொண்டு புளோரிடாவுக்குக் கப்பலேறினார். அங்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1932-இல் பழைய கால்வாய் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். பனாமாவை விட்டுப்போக மனமில்லாத சிலர் மண்டலத்துக்கு வெளியே, சிரிகீ மாநிலத்து மலையூரான போக்கெத்தேயில் இடம் வாங்கிக் குடியேறினார்கள். பனாமாவுக்கு ஓய்வுக்காகக் குடிபெயரும் வழக்கத்தின் முதல் விதை இதுவே என்பது நம் கருத்து. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய ஆசையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்கு முத்திரை குத்தியது.

வெள்ளிப் பட்டியலார் என்ன ஆனார்கள்?

நம் அக மரபில் பொருள்வயிற் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிகிறவன் இளைஞன், திரும்பிவரும் பருவத்தைக் குறித்துவிட்டே போகிறான். பார்படாஸ் இளைஞனும் அப்படித்தான் புறப்பட்டான். சிலர் திரும்பவும் செய்தார்கள். 'பனாமாப் பணம்' கொண்டு தீவில் துண்டு நிலம் வாங்கினார்கள். பலருக்குக் குறித்த பருவம் வரவேயில்லை. முதுமையிலோ, மக்களோடும் அறம்புரி சுற்றத்தோடும் கூடியிருந்து நல்லன பயில்வதே இல்லறத்தின் பயன் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். சுற்றம் கடலுக்கு அப்பால் இருக்கையில் என்ன செய்வது என்பதற்கு இலக்கணத்தில் விதியில்லை.

கட்டுமானம் முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து பனாமா நகரத்துக்கும் கொலோன் நகரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். மண்டலத்தின் விளிம்பை ஒட்டிய கலிதோனியா, எல் சொரிய்யோ, எல் மரன்யோன் பகுதிகளில் மர வீடுகள் அடுக்கடுக்காக எழுந்தன. ஓர் அறை, ஒரு குடும்பம். முற்றத்தில் பொதுக் குழாய். அந்தக் கொலோன் தெருக்களில் வளர்ந்தவர் எரிக் வால்ரண்ட். 1898-இல் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து, பார்படாஸில் சிறுவனாக இருந்து, கால்வாய் வேலைக்குப் போன தந்தையைத் தொடர்ந்து பனாமா சென்றவர். பின்பு நியூயார்க் போய் 1926-இல் 'டிராபிக் டெத்' என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். வெயிலும் அழுக்கும் பேச்சுமொழியும் நிரம்பிய கதைகள். கால்வாயை மனித அறிவின் வெற்றி என்று புகழும் நூல்களுக்கு நடுவே, அங்கே மனிதர்கள் எவ்விதம் செத்தார்கள் என்பதை மட்டும் சொல்லும் ஒரு தொகுதி. தமிழில் யாரேனும் இதனை மொழிபெயர்க்க வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை. அந்தக் கரீபியப் பேச்சுமொழியை எந்த வட்டார வழக்கில் கொண்டுவருவது என்ற தயக்கமும் உடனிருக்கிறது.

வேலையில் தொடர்ந்தவர்களும் 1930-களில் முதுமையை எட்டினார்கள். ஓய்வூதியச் சட்டம் இருந்தது. ஆனால் அவர்கள் அதில் அடங்கவில்லை. 1937-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு வழி செய்தது. ஓய்வூதியச் சட்டத்துக்கு உட்படாத, உழைக்க இயலாத கால்வாய் ஊழியர்க்குப் 'பண நிவாரணம்'. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் ஒரு டாலர். எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் 25 டாலருக்கு மேல் இல்லை. ஓய்வூதியம் என்ற சொல்லையே சட்டம் அவர்களுக்குத் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியம் உரிமை, நிவாரணம் கருணை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மணிக்குப் பத்து சென்ட் வீதம் நாளைக்குப் பத்து மணி நேரம் மாதம் 26 நாள் உழைத்தவர் இளமையில் பெற்றது 26 டாலர். கால் நூற்றாண்டு உழைத்து உடல் ஓய்ந்தபின் அதில் ஒரு டாலர் குறைத்துக் கொடுத்தார்கள். நடுவில் ஏறிய விலைவாசி அவர் பாடு.

நிவாரணத்தைப் பெற்றவர் எந்த நாட்டவர்? கப்பலேறியபோது பிரிட்டிஷ் பேரரசின் குடி. வந்த இடத்தில் அமெரிக்கருக்குக் கூலி. குடியிருப்பது பனாமாவில். மூன்று அரசுகளும் அவரை மற்றவர் பொறுப்பு என்றே கருதின. ஸ்பானிய மொழி பேசும் பனாமா மக்களுக்கோ, ஆங்கிலம் பேசிப் புராட்டஸ்டன்ட் கோயிலுக்குப் போகும் இக்கூட்டம் அமெரிக்கர் விட்டுச்சென்ற சுமை. அக்கசப்பு 1941-இல் சட்டமாயிற்று. ஜனாதிபதி அர்னுல்போ அரியாஸ் கொண்டுவந்த அரசியல் சாசனம், தடைசெய்யப்பட்ட குடியேறிகள் என்று சில இனங்களை வகுத்தது. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத கறுப்பர், மஞ்சள் இனத்தார், இந்தியாவையும் ஆசிய மைனரையும் வட ஆப்பிரிக்காவையும் சேர்ந்த இனத்தார். (நாமும் அப்பட்டியலில் இருந்தோம் என்பதைக் கூடுதற் செய்தியாகக் குறித்துக்கொள்வோம்.) அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளின் குடியுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. அரியாஸ் அதே ஆண்டு அக்டோபரில் கவிழ்க்கப்பட்டார். 1946-ஆம் ஆண்டின் சாசனம் இப்பிரிவுகளை நீக்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், முப்பதாண்டு வாழ்ந்த ஊரில் தான் வேண்டாதவன் என்பதை எழுத்து வடிவில் படித்துவிட்டார் அந்த முதியவர். அரியாஸுக்குக் காப்பித் தோட்டம் இருந்தது போக்கெத்தேயில் என்பது தற்செயல்தான். ஆனால் வரலாறு இத்தகைய தற்செயல்களைச் சேகரித்து வைக்கிறது.

'தங்கம்', 'வெள்ளி' என்ற பெயர்கள் 1948-இல் நீங்கி 'அமெரிக்க வீதம்', 'உள்ளூர் வீதம்' என்று மாறின. பெயர் மாறியது, கூலியின் இடைவெளி நீடித்தது. 1955-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரே அடிப்படை ஊதியத்தை வாக்களித்தது. அதே ஒப்பந்தம் மண்டலத்துக்கு வெளியே வாழும் அமெரிக்கரல்லாத ஊழியர், மண்டலத்துக் கடைகளில் மலிவு விலைக்குப் பொருள் வாங்கும் உரிமையைப் பறித்தது. பிள்ளைகள் பலர் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் தங்கினார்கள்.

1963-இல் பனாமாவின் ஈஸ்த்மியன் வரலாற்றுக் கழகம் ஒரு போட்டி அறிவித்தது. கட்டுமானக் காலத்தில் வேலை செய்த கரீபியத் தொழிலாளர் தம் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும், சிறந்தவற்றுக்குப் பரிசு. எழுபது, எண்பது வயது முதியவர்கள் எழுதினார்கள். வெடிமருந்து தவறி வெடித்த நாள், ரயிலடியில் போன கால், கசக்கும் கொய்னா, மழையில் நனைந்து காயாத ஒரே உடை, காலையில் உடனிருந்து மாலையில் இல்லாத தோழன் என்று அவர்கள் நினைவு செல்கிறது. கையெழுத்துக் கோணல், எழுத்துப் பிழை எல்லாவற்றோடும் அக்கடிதங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. 'தி கேனல் பில்டர்ஸ்' என்ற நூலை 2009-இல் எழுதிய ஜூலி கிரீன், இக்கடிதங்களையே அடிப்படையாகக் கொண்டு 2025-இல் தனி நூலொன்று வெளியிட்டிருக்கிறார். அவர்கள் வரலாற்றில் பேச அழைக்கப்பட்டது, அறிந்த அளவில், அந்த ஒருமுறைதான். அதற்கும் ஒரு பரிசுப்போட்டி தேவைப்பட்டது.

1977-இல் டொரிஹோஸ்–கார்ட்டர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1979 அக்டோபர் முதல் நாள் மண்டலம் இல்லாமற் போயிற்று. 1980-இல், எல் மரன்யோனில் கரீபியத் தொழிலாளர் எழுப்பிய பழைய மரக்கோயில் ஒன்று ஆப்பிரிக்க–அந்திலிய அருங்காட்சியகமாயிற்று. ஒன்பதாண்டுகள் கழித்து நொரியேகாவைத் தேடி வந்த படையின் தாக்குதலில் எரிந்தது எல் சொரிய்யோ. அவருடைய தலைமையகம் அங்கேதான் இருந்தது. கால்வாய்க் கூலிகளுக்காகக் கட்டப்பட்ட மர வீடுகள் ஓரிரவில் சாம்பலாயின. அவற்றில் வாழ்ந்தவர்களில் வெள்ளிப் பட்டியலாரின் மக்களும் பேரன்களும் இருந்தார்கள்.

இனிப் போக்கெத்தே. பரூ எரிமலையின் அடிவாரம், கல்தேரா ஆற்றங்கரை, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். நம் ஏற்காட்டை நினைத்துக்கொள்ளலாம், காப்பி உட்பட. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஓய்வூதியருக்கான பத்திரிகைகள் இவ்வூரைப் புகழ்ந்தன. மதில் சூழ்ந்த குடியிருப்புகள் எழுந்தன. நிலத்தின் விலை உள்ளூராருக்கு எட்டாத உயரம் போயிற்று. வந்தவர்களை இகழ்வது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. அவர்களிற் பலர் செல்வர் அல்லர். சொந்த நாட்டில் மருத்துவச் செலவுக்கு அஞ்சி வந்தவர்கள். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு பொதுவாக எல்லை தாண்டிச் செல்லாது; அது தெரிந்தும், பனாமாவில் கைப்பணம் கொடுப்பதே மலிவென்று கணக்கிட்டவர்கள். நாற்பதாண்டு உழைத்தவர் தம் முதுமையைச் சுமக்கத் தம் நாட்டில் வழியின்றிப் பிற நாட்டுக்குப் போகிறார் என்பதில் நகைக்க ஏதுமில்லை. அவ்வகையில் அவரும் வெள்ளிப் பட்டியல் முதியவரும் உறவினரே. ஒரே வேறுபாடு, இவருடைய நாளின் விலை ஒரு நாட்டில் ஈட்டப்பட்டு மற்றொரு நாட்டில் செலவாகிறது. அவருடையது ஈட்டிய இடத்திலேயே போதாமற் போனது.

அம்மலையில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் ஙோபே பழங்குடியினர். (தமிழில் சொல்லுக்கு முதலில் வரத் தயங்கும் ஙகரம் அவர்கள் பெயரில் முதலெழுத்து.) அவர்களுக்கென 1997-இல் தனித் தன்னாட்சிப் பகுதி வகுக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு தோட்டங்களுக்கு வந்து பறித்த அளவுக்குக் கூலி பெறுகிறார்கள். மாதச் சம்பளம் இல்லாதவருக்கு ஓய்வூதியம் என்ற சொல் இன்றும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

6-ஆம் எண் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கொலோன் நகரத்தில் வெள்ளிப் பட்டியல் தொழிலாளி ஒருவரின் பேரன் அறுபது வயதில் மருந்துக் கடைக்குப் போனால் அடையாள அட்டையைக் காட்டித் தள்ளுபடி கேட்கலாம். போக்கெத்தேயில் குடியேறிய ஓஹையோக்காரரும் அதே அட்டையளவு உரிமையோடு அதே தள்ளுபடியைக் கேட்கலாம். சாளரம் ஒன்றுதான்; வரிசையும் ஒன்றுதான்.